அபாமினபிள் சாரின் ஆசீர்வாதம்

காவிரி டெல்டாவில் திட்டு வாங்குவதற்கென்றே ஜனங்கள் ஒரு மனிதர் முன்னால் காத்துக்கிடந்தார்கள் என்றால், அது அபாமினபிள் சார் முன்னால்தான். மந்திரியிடம் மனுக் கொடுக்க வந்தவர்கள்கூட அவ்வளவு பொறுமையாக நின்று நான் பார்த்ததில்லை. மனுவுக்குப் பதில் வருமா என்பது சந்தேகம். அபாமினபிள் சாரிடம் போனால் கையோடு ஒரு திட்டு நிச்சயம்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பணிப்பதிவேட்டில் அது பத்திரமாக இருக்கிறது. வேறு எங்கும் புழங்கவில்லை. டீக்கடைக்காரருக்கும், தபால்காரருக்கும், வாசலில் இளநீர் விற்ற அம்மாளுக்கும் அவர் அபாமினபிள் சார்தான். மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளர் ஒருவர் முதல் நாளே, "மிஸ்டர் அபாமினபிள் யாருங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அதை ஏதோ குடும்பப் பெயர் என்று நினைத்திருக்கிறார்.

தஞ்சாவூரில், வாய்க்கால், மதகு, கரை ஆகியவற்றின் நலனைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நலனைக் கவனித்தோம் என்றால், அவை நலமாக இருக்கின்றனவா என்று கடிதம் எழுதிக் கேட்டோம். அங்கே அபாமினபிள் சார் டிராஃப்ட்ஸ்மேன். ஒல்லி, உயரம், எதையோ முகர்ந்துவிட்டவர் போன்ற மூக்கு. அவர் கையால் ஒரு கோடு போட்டால் ஸ்கேலுக்கே தன் மேல் சந்தேகம் வரும். வாய்க்காலின் வளைவைக் காகிதத்தில் வரைந்தால், தண்ணீர் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொட்டால் கையைத் தட்டிவிடுவார்.

அவருடைய விசேஷம் இதுதான்: எது அவருக்குப் பிடித்துப்போகிறதோ, அதை அவர் ஆங்கிலத்தில் அருவருப்பார்.

குமட்டுகிறது, கூசுகிறது, கண்கொண்டு பார்க்க முடியவில்லை என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் எத்தனை உரிச்சொற்கள் உண்டோ அத்தனையும் அவர் வசம் இருந்தன. இவ்வளவு அருவருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எப்படி இந்த ஊரில் அத்தனை காலம் உட்கார்ந்திருந்தான் என்று நான் யோசித்ததுண்டு.

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். மாலையும் சந்தனமுமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். எல்லோரும் வந்து ஹாரனை அழுத்திப் பார்த்தார்கள். அபாமினபிள் சார் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"டிஸ்கஸ்டிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் தலைமை எழுத்தர் ராமலிங்கம்தான் தோளைத் தட்டினார். "சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டி அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கண்ணு படக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போறாரு. போன மாசம் வண்டி வாங்குன அக்கவுண்டன்டுக்கு வெறும் ஹாரிபிள்தான்."

மறுநாள் நான் நேராகவே கேட்டேன். "ஏன் சார், நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொல்லலாம். நாளைக்கு எங்கயாவது விழுந்து எழுந்தீங்கன்னா என்னைத்தானே நினைப்பீங்க?"

"சரி, மட்டமாத்தான் சொல்லணும்னா தமிழ்ல சொல்லலாமே. குழந்தையைத் தூக்குறவங்க 'சீ, கருவாப்பயலே'ன்னு கொஞ்சறதில்லையா?"

"தமிழ்ல சொன்னா கண்ணேறு நம்பாது சார். காலங்காலமாக் கேட்டுக் கேட்டு அதுக்குப் பழகிப்போச்சு. இவன் சும்மா சொல்றான்னு கண்டுபிடிச்சிடும். இங்கிலீஷ்ல சொன்னா, படிச்சவன் சொல்றான், விஷயம் இருக்கும்னு போயிடும்."

அரசுப் பணியில் நான் கேட்ட கொள்கை விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது வேறு இல்லை.

போகப் போக, அவருடைய சொற்களுக்கு ஊதிய விகிதம்போல ஒரு வரிசை இருப்பது எனக்குப் பிடிபட்டது. 'நாஸ்ட்டி' என்பது தொடக்க நிலை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவற்றுக்கு. டீக்கடை வடை ஓரளவு மொறுமொறுப்பாக இருந்தால் நாஸ்ட்டி. அதற்கு மேல் ஹாரிபிள், டிஸ்கஸ்டிங், ரிவோல்டிங் என்று ஏறும். ரிபல்சிவ், லோத்சம் இரண்டும் முதுநிலைப் பதவிகள். இவற்றில் எது மூத்தது என்று ஒருமுறை விளக்கம் கேட்டேன்.

"ரிபல்சிவ்னா நாலடி தள்ளி நிக்கணும்னு தோணும் சார். லோத்சம்னா ஊரை விட்டே போயிடலாமான்னு தோணும்."

உச்சியில் அபாமினபிள். அது துறைத்தலைவர் பதவி மாதிரி, நேரடி நியமனம் கிடையாது. மேட்டூரைத் திறந்து, கல்லணையிலிருந்து புது ஆற்றில் தண்ணீர் விட்ட ஒரு நாள், நாங்கள் எல்லோரும் பாலத்தின் மேல் நின்றிருந்தோம். நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் தரையை நக்கியபடி வந்தது. சுற்றி நின்றவர்கள் பூவும் நெல்லும் தூவினார்கள். இவர் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு, "அபாமினபிள்" என்றார். பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதையே தானும் ஒருமுறை சொன்னார். மந்திரம் என்று நினைத்திருப்பார். பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே ஒரு பொருள் கெட்டுப்போயிருந்தால் அவர் சாந்தமாகி, தமிழுக்கு வந்துவிடுவார். ஒருநாள் மத்தியானம் கீழவீதி மெஸ்ஸில் முதல் கவளம் சாப்பிட்டவர் தலையை நிமிர்த்தி, "சாம்பார் நல்லா இருக்கே" என்றார். மெஸ்காரர் முகம் வெளுத்துவிட்டது. "யாரும் சாம்பாரைத் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார். பருப்பு ஊசிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அபாமினபிள் சார் இலையில் உட்கார்ந்தால், அவர் முகம் சுளித்து "ரிவோல்டிங்" என்று சொல்லும்வரை மற்றவர்கள் கையை நனைக்க மாட்டார்கள். சொன்னதும் ரசம்வரை நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

விஷயம் மெதுவாக வயலுக்குப் பரவியது. ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து நிறுத்தினார். "சார், சம்பா பால் பிடிக்குது. போறவன் வர்றவன் எல்லாம் ரோட்டுல நின்னு பாக்குறான். வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க."

"வயல்ல வைக்கோல் பொம்மை வெச்சிருக்கீங்கல்ல?"

"வெச்சிருக்கேன். அது சும்மா நிக்குதுங்க. பேச மாட்டேங்குது."

வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன். அபாமினபிள் சார் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, யூரியா வீசுவதுபோலச் சீராக, "ரிவோல்டிங்... ரிபல்சிவ்... லோத்சம்..." என்று வீசிக்கொண்டே போனார். அடுத்த வயல்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அப்படியே எங்க பக்கமும் கொஞ்சம் திரும்புங்க சார்" என்றார். அபாமினபிள் சார் திரும்பினார். அந்தப் பயிரைச் சற்று நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார்.

அந்த மனிதர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்தால் அடியெல்லாம் புகையான் பூச்சி. மருந்து வாங்க அன்றைக்கே டவுனுக்கு ஓடினார். பயிர் பிழைத்தது. அடுத்த வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை அபாமினபிள் சார் வீட்டு வாசலில் வண்டிகள் நிற்க ஆரம்பித்தன.

சிக்கலே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குதூகலமாகி, போனில் தன் பேரக்குழந்தையின் படத்தை எல்லோருக்கும் காட்டினார். நாங்கள் 'ராஜா மாதிரி இருக்கான் சார்' என்று நடைமுறைப்படி சொன்னோம். படம் அபாமினபிள் சாரிடம் வந்தது. கொழுகொழுவென்று குழந்தை. இவர் அதை உற்றுப் பார்த்து, கண் கலங்கி, "லோத்சம்" என்றார்.

மூன்றாம் நாள் குறிப்பாணை வந்தது. ஏன் தங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் எழுதுவது எனக்குக் கரும்பு தின்னக் கூலி. 'மேற்படி சொல் உணவு இடைவேளையில், அதாவது அலுவலக நேரத்துக்குப் புறம்பாக, குழந்தையின் ஆயுள் ஆரோக்கியம் கருதி, முழு நல்லெண்ணத்துடன் உச்சரிக்கப்பட்டது' என்று ஆரம்பித்து, உரிச்சொல் உச்சரிப்பதைத் தடைசெய்யும் நடத்தை விதி எது என்பதைத் தெரிவித்தால் தொடர் விளக்கம் அளிக்க ஏதுவாகும் என்று பணிவுடன் முடித்தேன். இதற்கிடையில் விஷயம் அதிகாரியின் மாமியார் காதுக்குப் போய்விட்டது. அந்த அம்மாளுக்குப் பூர்வீகம் எங்கள் பக்கத்து வலங்கைமான்; கண்ணேறு விவரம் தெரிந்தவர். கோப்பு மூடப்பட்டது மட்டுமல்ல, குழந்தைக்கு மொட்டை அடிக்கும் விசேஷத்துக்கு வந்து இன்னொரு தடவை சொல்லும்படி அபாமினபிள் சாருக்குப் பத்திரிகையே வந்தது.

இதிலிருந்து நாங்கள் கற்றிருக்க வேண்டிய பாடம், வெளியாட்களுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது. நாங்கள் கற்றுக்கொண்ட பாடம், எதுவும் கடைசியில் நல்லபடியாகத்தான் முடியும் என்பது. அதன் பலனை ராமலிங்கத்தின் மகள் விஷயத்தில் அனுபவித்தோம்.

ராமலிங்கத்துக்கு ஒரே பெண், மங்கை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அப்பா வேலை முடித்துக் கிளம்பும்வரை அபாமினபிள் சாரின் வரைபட மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தப் பெண்ணை அவர் ஆரம்பத்திலிருந்தே அபாமினபிள் என்றுதான் சொல்லுவார். படிப்படியான பதவி உயர்வு எல்லாம் இல்லை. விதிகளைத் தளர்த்தி நேரடி நியமனம்.

மங்கை வளர்ந்து, திருவாரூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனாள். தினமும் பஸ். கல்யாணம் மட்டும் தட்டிக்கொண்டே போனது. வருகிறவர்கள் எல்லாம் 'மகாலட்சுமி மாதிரி இருக்கா' என்று சொல்லிவிட்டு, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போனை எடுக்க மாட்டார்கள். ஒரு சம்பந்தம் பூ வைக்கும் அளவுக்கு வந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு மங்கை, "இனிமே யாரும் என்னைப் பார்க்க வர வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு இந்த வரன் வந்தது. குடும்பத்துக்கு மாயவரம் பூர்வீகம், இருப்பது சென்னையில். பையன் கார்த்திக் ஜெர்மனியில் வேலை. இரண்டு பேரும் சில வாரங்கள் போனில் பேசினார்கள். ஒருநாள் மங்கை தானாகவே அப்பாவிடம் வந்து, "இவங்களை வரச் சொல்லுங்கப்பா" என்றாள். இதைச் சொல்லும்போது ராமலிங்கத்துக்கு அலுவலகத்திலேயே குரல் உடைந்துவிட்டது. பெண் இதுவரை ஒருத்தரையும் வரச் சொன்னதில்லை. இது போனால் இன்னொரு தடவை அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

நேராக அபாமினபிள் சாரிடம் போனார். "சார், இதுவரைக்கும் வந்தவன் எல்லாம் மகாலட்சுமி மகாலட்சுமின்னு சொல்லியே கண்ணு போட்டுட்டான். இந்தத் தடவை நீங்க கூட இருக்கணும். பொண்ணு வந்து நின்னதும் உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பெரிய வார்த்தையாவே சொல்லுங்க."

எனக்கு மட்டும் லேசாக உறுத்தியது. "ராமலிங்கம், மாப்பிள்ளை வீட்டுக்கு இங்கிலீஷ் தெரியுமே?"

"பையன் ஜெர்மனில இல்ல சார் இருக்கான்? அங்க இங்கிலீஷ் கிடையாதாம். எல்லாம் ஜெர்மன்தான்."

நானும் தலையாட்டிவிட்டேன். உண்மை என்னவென்றால், எங்களைப் பொறுத்தவரை அவை இங்கிலீஷ் வார்த்தைகளாக இருப்பதை எப்போதோ விட்டுவிட்டன. மஞ்சள், குங்குமம், லோத்சம், அவ்வளவுதான்.

கரந்தையில் ராமலிங்கம் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. நானும் என் மனைவியும் முன்னாடியே போயிருந்தோம். கார்த்திக், அவன் அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் வேனில் வந்து இறங்கினார்கள். தாய்மாமன் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். அதை அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட முதல் வாக்கியத்திலேயே சொன்னார். நாங்கள் எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தோம். ஒருத்தர் மண்டையிலும் மணி அடிக்கவில்லை.

மங்கை காப்பித் தட்டோடு வந்தாள். அரக்குப் பட்டு, தலையில் கனகாம்பரம். கார்த்திக் நிமிர்ந்து பார்த்தவன் தம்ளரை எடுக்க மறந்துவிட்டான். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அபாமினபிள் சார் எழுந்து நின்றார். கண் நிறைந்திருந்தது. கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"அப்சல்யூட்லி அபாமினபிள்" என்றார்.

ராமலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி பக்கத்தில் இருந்தவரிடம், "அப்சல்யூட்லி சேர்த்துச் சொல்லி நான் கேட்டதே இல்ல" என்று பூரித்தாள்.

பேராசிரியர் கையில் இருந்த கேசரி ஸ்பூன் வாய்க்கு முன்னால் நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அபாமினபிள் சார் மறுபடியும் நிதானமாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், "ரிபல்சிவ். லோத்சம்" என்று தட்சிணையும் வைத்தார்.

"பொண்ணையா சொல்றாரு?"

"ஆமாங்க" என்றார் ராமலிங்கம் பெருமையாக. "சின்ன வயசுலேர்ந்து சொல்றாரு."

"எல்லாருக்கும் இப்படிச் சொல்ல மாட்டாருங்க" என்று என் மனைவி எடுத்துக்கொடுத்தாள்.

கார்த்திக்கின் அம்மா தன் அண்ணன் பக்கம் சாய்ந்து, "என்னண்ணா சொல்றாங்க?" என்று கேட்டார். பேராசிரியர் ஸ்பூனைத் தட்டில் வைத்தார். வகுப்பில் அருஞ்சொற்பொருள் சொல்லும் குரலில், "அருவருப்பா இருக்காளாம். பார்த்தாலே குமட்டுதாம்" என்றார்.

தமிழில் கேட்டதும்தான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்று, அந்தக் கூடத்தில், அந்தக் காப்பி ஆறுவதற்குள் தெரிந்தது. தட்டோடு நின்ற மங்கைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், தம்ளர்கள் கிணுகிணுக்க உள்ளே ஓடினாள். அந்தச் சிரிப்பு நிலைமையை இன்னும் கெடுத்தது.

"கூட இருக்கிறவரே இப்படிச் சொல்றாருன்னா, ஏதோ இருக்கு. கிளம்பு" என்று பேராசிரியர் எழுந்தார். ராமலிங்கம் குறுக்கே விழாத குறையாகக் கெஞ்சினார். கண்ணேறு, வழக்கம், நல்லெண்ணம் என்று நான் சொன்னது எதுவும் ஏறவில்லை. புன்னைநல்லூர் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பப்போவதாக டிரைவரிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். கார்த்திக் கடைசியாக ஏறினான், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

வேன் போனதும் உள் அறைக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு சிரிப்புச் சத்தம் வரவில்லை. அபாமினபிள் சார் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், வண்டியை எடுங்க" என்றார் என்னிடம்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "என்ன சார் சொல்றீங்க?" என்றேன்.

"சொல்லிப் பார்க்கிறேன். வர மாட்டேங்குது."

"என்னது?"

"நல்லதா நாலு வார்த்தை. பழக்கமில்ல சார்."

"நல்லா இருக்குன்னுதான் சொல்வீங்களே, அதைச் சொல்லுங்க."

"அது கெட்டுப்போனதுக்குச் சொல்றது" என்றார் பரிதாபமாக.

கோயில் வாசலில், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போட உப்பும் மிளகும் பொட்டலம் கட்டி விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில் அவர்களைப் பிடித்தோம். எங்களைப் பார்த்ததும் பேராசிரியர், "வாங்க. இன்னும் ஏதாவது வார்த்தை பாக்கி இருக்கா?" என்றார்.

நான் வழக்கப்படி பூர்வாங்க விளக்கம் கொடுத்தேன். அவர் அசையவில்லை. "நான் காலம் பூரா இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன். அந்த வார்த்தைக்கு எந்த ஊர்லயும் நல்ல அர்த்தம் கிடையாது."

கார்த்திக்கின் அம்மா குறுக்கிட்டார். "நீங்க இருங்கண்ணா." அபாமினபிள் சார் பக்கம் திரும்பினார். "ஐயா, கண்ணு படக்கூடாதுன்னு சொன்னீங்கன்னே வெச்சுக்குவோம். உள்ளுக்குள்ள என்ன நினைச்சீங்களோ, அதைச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க."

அபாமினபிள் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். கடையில் ஒரு பொட்டலம் உப்பு வாங்கினார். பிரித்து இரண்டு கையிலும் கொட்டி இறுக மூடிக்கொண்டார். பல் பிடுங்கும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது முகம்.

"அந்தப் பொண்ணு சின்னதா இருந்தப்ப என் மேஜைக்குக் கீழதான் உட்காந்திருக்கும்" என்று ஆரம்பித்தார். "நான் கோடு போடறப்ப மேஜை ஆடக்கூடாதுன்னு, தும்மல் வந்தாக்கூட வெளிய ஓடிப்போய்த் தும்மிட்டு வருங்க. நான் சொல்லிக்கொடுக்கல. அதுவாத்தான்."

நிறுத்தினார். மூடிய கைகளை இன்னும் இறுக்கினார்.

"அவங்கம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப, காலையில சமைச்சு வெச்சிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, அப்புறம் பஸ்ஸைப் பிடிச்சு வேலைக்குப் போகும். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல தூணுக்குப் பின்னாடி நின்னு அழுதுக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்ததும், 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்'னுச்சு. முகத்தைத் துடைச்சுக்கிட்டு பஸ் ஏறிப் பாடம் எடுக்கப் போயிடுச்சு. அவங்கப்பாவுக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

கார்த்திக் செருப்பை ஒரு காலில் மட்டும் போட்டபடி அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்ல பொண்ணுங்க. அழகு. ரொம்ப... ரொம்ப நல்ல பொண்ணு." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விரல் இடுக்கு வழியாக உப்பு ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. "சொல்லிட்டேன் சார். வெளிப்படையாச் சொல்லிட்டேன். இனி அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

கார்த்திக்கின் அம்மா அவர் முன்னால் கையை நீட்டினார். "உப்பைக் கொடுங்க. ஆத்தாகிட்ட நான் போட்டுட்டு வர்றேன். எங்க வீட்டுப் பொண்ணுக்கு நான்தானே போடணும்?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். பிறகு, வேறு வழியில்லாமல், மிளகுப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு தங்கைக்குப் பின்னால் போனார்.

திரும்பி வந்ததும் அந்த அம்மாள் மகனை முன்னால் தள்ளினார். "ஐயா, எங்க பையனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அபாமினபிள் சார் கார்த்திக்கை மேலும் கீழும் பார்த்தார். "நாஸ்ட்டி" என்றார்.

அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "அவ்வளவுதானா?"

"கவலைப்படாதீங்கம்மா" என்றேன். "இப்பத்தானே தகுதிகாண் பருவம். பொண்ணை நல்லா வெச்சுக்கிட்டா உயர்த்திக் கொடுப்பார்."

கல்யாணம் நிச்சயமானது. ஆனால் அபாமினபிள் சாருக்குத் தூக்கம் போனது. மங்கையைத் திறந்த வாயால் புகழ்ந்துவிட்டார் அல்லவா? சாயங்காலம் திருவாரூர் பஸ் வரும் நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். அவள் முழுசாக இறங்கி வருகிறாளா என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அவள் கண்ணில் படாமல் வீட்டுக்குப் போவார். அவளுக்கு ஜலதோஷம் பிடித்த அன்று தற்செயல் விடுப்புக்கு விண்ணப்பித்தார். காரணம் கேட்டால், "என்னாலதான் சார்" என்றார். விடுப்பு விதிகளில் அப்படி ஒரு காரணத்துக்கு இடமில்லை. அனுமதித்தேன்.

முகூர்த்தத்தன்று மண்டபத்துக்கு உள்ளேயே வரவில்லை. பந்திக் கொட்டகையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் தோள் ஒருமுறை குலுங்கியது.

மங்கை ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, பகல் ரயிலில் சென்னைக்கு அனுப்பிவைக்க நாங்கள் எல்லோரும் தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குப் போனோம். ஆளாளுக்குப் புளிக்காய்ச்சல், வடகம், புத்திமதி என்று கொடுத்தார்கள். அபாமினபிள் சார் கும்பலுக்கு வெளியே நின்றார். ரயில் அசைந்ததும் மங்கை கதவுக்கு வந்து, "சார், ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் உதடு என்னவோ முயற்சி செய்தது. கையை மட்டும் தூக்கினார்.

ரயில் போனது. ராமலிங்கம் மனைவியைத் தாங்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார். அபாமினபிள் சார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க சார், போகலாம்" என்றேன்.

"நீங்க போங்க. வண்டி கும்பகோணம் தாண்டட்டும்."

அவர் இங்கே உட்கார்ந்திருப்பதற்கும் ரயில் கும்பகோணம் தாண்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று வீட்டில் விருந்தாளிகள், மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்புகள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கும்பகோணம் தாண்டியிருக்கும் நேரம் வந்தது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.